ஊட்டித் தோட்டத்தின் படங்கள் எங்கே?

1970-களின் கடைசியிலும் 80-களிலும் ஊட்டி பொட்டானிக்கல் கார்டனுக்கு வந்து, பெரிய புல்வெளியில் நின்று படம் எடுத்துக்கொண்டு போன குடும்பங்கள் எத்தனை ஆயிரம் என்று யாரும் கணக்கு வைத்ததில்லை. அந்தப் படங்களில் ஒரு பங்கை எடுத்தவன் நான். கழுத்தில் யாஷிகா டி கேமரா, சட்டைப் பையில் கார்பன் வைத்த ரசீதுப் புத்தகம், கையில் மாதிரி ஆல்பம். அன்றைக்கு என் கடை அவ்வளவுதான். தொழில் போய்விட்டது, கேமரா இருக்கிறது, ஷட்டர் இன்னும் சரியாக விழுகிறது. அதில் ரோல் போட்டு அதே தோட்டத்தை இப்போது எனக்காகப் படம் எடுக்கிறேன். எடுத்ததைப் பழைய படங்களோடு வைத்துப் பார்க்கலாம் என்று தேடினால், ஊட்டியில் கிடைப்பது மிகச் சொற்பம். இந்தத் தோட்டத்தின் படங்கள் எல்லாம் சேலத்திலும் மதுரையிலும் கோழிக்கோட்டிலும், வந்து போனவர்கள் வீட்டு பீரோக்களில் இருக்கின்றன. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தோட்டத்தின் தொடக்கம் காய்கறியில் இருக்கிறது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களின் தொடக்கத்தில் இங்கே கல் வீடு கட்டி, ஏரி வெட்டி, தோடர்கள் எருமை மேய்த்த புல்மலையில் ஓர் ஊருக்கு அடிபோட்டார். வெள்ளைக்காரக் குடும்பங்கள் பெருகின. கோசும் கேரட்டும் நியாய விலைக்குக் கிடைக்க வேண்டும் என்று 1845-ல் அவர்கள் ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு தோட்டம் வைத்தார்கள். அது சரியாக நடக்கவில்லை. பிறகு பொதுத் தோட்டம் ஒன்று வேண்டும் என்று பணம் திரட்டினார்கள். அப்போது சென்னை கவர்னராக இருந்த ட்வீடேல் பிரபுவும் அதற்குத் துணை நின்றார். லண்டன் கியூ தோட்டத்தில் தொழில் பழகிய வில்லியம் கிரஹாம் மெக்கைவர் 1848-ல் வந்து சேர்ந்தார்.

அவர் கையில் கிடைத்த இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். தொட்டபெட்டாவின் கீழ்ச் சரிவு அது. மேலே காட்டு மரங்கள் அடர்ந்த செங்குத்தான கரைகள், நடுவில் ஆழமான ஓடைப் பள்ளங்கள், கீழே சேறு. இன்றைக்குக் குழந்தைகள் உருண்டு விளையாடும் புல்வெளிப் பக்கம் அன்று சதுப்பு. தண்ணீரை வடித்து, பள்ளங்களைச் சீர்படுத்தி, சரிவைப் படிப்படியாக வெட்டி, பாதை போட்டு, மரம் நட்டு, தோட்டம் ஒரு வடிவத்துக்கு வரப் பல வருடங்கள் ஆயின. மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. இன்று சுமார் 22 ஹெக்டேர் பரப்பில் கிடக்கும் அந்தப் படிக்கட்டு நிலம் முழுக்க அவர்கள் கை வேலை.

மெக்கைவர் அழகுக்காக மட்டும் தோட்டம் போட்டவர் இல்லை. எந்த நாட்டுச் செடி இந்த மலையில் பிழைக்கும் என்று சோதித்துப் பார்க்கும் இடமாகத்தான் இதை நடத்தினார். அந்தச் சோதனைகளில் பெரியது சின்கோனா. மலேரியாவுக்கு மருந்தான கொயினா அந்த மரப்பட்டையிலிருந்துதான் வர வேண்டும். மரமோ தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில். கிளமென்ட்ஸ் மார்க்கம் 1860-ல் அங்கிருந்து சேகரித்துக் கொண்டுவந்த கன்றுகளையும் விதைகளையும் வளர்த்தெடுக்கும் பொறுப்பு மெக்கைவரிடம் வந்தது. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்கள் எழுந்தன. மரத்தை வெட்டாமல் பட்டையை மட்டும் நீளவாக்கில் உரித்து, உரித்த இடத்தை ஈரப் பாசியால் மூடிக் கட்டினால் புதுப் பட்டை வளரும் என்று செய்து காட்டியவர் அவர். 1876-ல் இறந்தார். தோட்டத்துக்கு வருகிறவர்கள் பூவைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இந்தியாவில் கொயினா விளைந்த கதையின் முதல் நாற்றங்கால்களில் ஒன்று இது என்று யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

படம் பிடிப்பவர்களும் இந்த ஊருக்குச் சீக்கிரமே வந்துவிட்டார்கள். சென்னையில் ஸ்டூடியோ வைத்திருந்த நிக்கோலஸ் சகோதரர்கள் ஊட்டியிலும் கடை திறந்தார்கள். அவர்களிடம் வேலை பார்த்த ஏ.டி.டபிள்யூ. பென் 1870-களின் நடுவில் இங்கே சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அந்தக் காலத்தில் ரோல் கிடையாது. ஈரத்தட்டு முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியனை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். வெளியில் போனால் இருட்டுக் கூடாரமும் மருந்துப் பெட்டியும் கூடவே சுமந்து போக ஆள் வேண்டும். அத்தனை பாடுபட்டு எடுத்த பங்களாக்கள், ஏரி, தோடர் குடும்பங்கள் ஆகியவற்றின் படங்கள் இன்றைக்கும் தெளிவாக இருக்கின்றன. ஆனால் அவற்றைப் பார்க்க வேண்டுமானால் லண்டன் பிரிட்டிஷ் நூலகம் போன்ற இடங்களைத்தான் தேட வேண்டும். ஊட்டியில் எடுத்த படம் ஊட்டியில் தங்காமல் போவது அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-ல் வந்த மலை ரயில், 1908-ல் ஊட்டியைத் தொட்டது. துரைகளின் ஊர் மெல்ல எல்லாருடைய ஊராயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகு கோடை விடுமுறை என்றால் ஊட்டி, புதுக் கல்யாணம் என்றால் ஊட்டி. வந்தவர்களிடம் கேமரா இல்லை. எங்கள் தொழில் அதனால்தான் பிறந்தது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பெருமையான பகுதி இனிதான் வருகிறது. படத்துக்கு வேண்டிய பிலிமும் இதே ஊரில் தயாரானது. ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற நடுவண் அரசு நிறுவனம் 1960-ல் பதிவானது. பிரான்ஸ் நாட்டு போஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1967-ல் உற்பத்தி தொடங்கிற்று. பிலிமின் பெயர் 'இந்து'. தொழிற்சாலை இருந்த இடம் இந்து நகர். ஏன் ஊட்டி? பிலிமுக்குத் தூசி ஆகாது, சூடு ஆகாது. ஜெலட்டினில் வெள்ளி உப்புக் கலந்து பூசும் வேலை முழுக்க இருட்டிலும் சீரான குளிரிலும் நடக்க வேண்டும். ஒரு தூசு விழுந்தால் அந்த இடத்தில் படம் ஓட்டை. புகையில்லாத காற்றும் இயற்கையான குளிரும் இந்த மலையில் சும்மா கிடைத்தன. ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே பிலிம், சினிமாவுக்குக் கறுப்பு-வெள்ளை பாசிட்டிவ், ஸ்டூடியோக்களுக்கு பிரோமைடு பேப்பர், எங்களுக்கு 120 ரோல். உலகத்தில் பிலிம் செய்யத் தெரிந்த நாடுகள் கைவிரலில் அடங்கிய காலத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கும்மிருட்டில் நின்று அதைச் செய்தார்கள். ஷிப்டு முடிந்து வெளியே வந்ததும் கண் கூசுமாம், நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். அங்கே செய்த ரோலைப் போட்டு, சில கிலோமீட்டர் தள்ளி இருந்த தோட்டத்தில் நான் படம் எடுத்தேன்.

தொழிலைச் சொல்கிறேன். தோட்டம் தொட்டபெட்டாவின் மேற்குச் சரிவில் இருப்பதால் காலையில் வெயில் தாமதமாகத்தான் இறங்கும். சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து ஏறி வரவேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் மேகம் இறங்கிவிடும், மழையும் வரும். ஆக நல்ல வெளிச்சம் என்பது காலை ஒன்பதரையிலிருந்து ஒரு மணிவரை. அதற்குள் சம்பாதித்தால்தான் உண்டு.

யாஷிகா டி-யில் கண்ணுக்கு நேராகக் கேமராவை வைப்பதில்லை. வயிற்றுக்கு நேராகப் பிடித்து, மேல் மூடியைத் திறந்து, குனிந்து தேய்ப்புக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். சதுரத்துக்குள் தோட்டம் இடவலம் மாறித் தெரியும். மாப்பிள்ளை வலப்பக்கம் நகர்ந்தால் கண்ணாடியில் இடப்பக்கம் போவார். பழகப் பழக அது கைக்கு வந்துவிடும். பக்கக் குமிழைத் திருகி போகஸ் வைத்து, ஷட்டர் நெம்புகோலை இழுத்து விட்டு, அப்புறம்தான் கிளிக். அடுத்த படத்துக்கு பிலிம் சுற்றும் குமிழின் நடுப் பொத்தானை அமுக்கிச் சுற்ற வேண்டும். ஒரு ரோலுக்கு 12 படம். இன்னொரு வசதியும் அதில் உண்டு. போட்டோகிராபர் குனிந்து கீழே பார்ப்பதால், எதிரே நிற்கும் பெண்ணுக்கு அந்நிய ஆள் முறைத்துப் பார்க்கிற கூச்சம் இல்லை. கல்யாணமாகி நான்கு நாள் ஆன ஜோடிகள் இரண்டடி தள்ளி நிற்பார்கள். "அம்மா, கொஞ்சம் அண்ணன் பக்கம் வாங்க" என்று சொல்லிவிட்டு நான் கண்ணாடியைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். நிமிர்வதற்குள் பக்கத்தில் வந்திருப்பார்கள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒருவர். அவர் முதலில் சொன்னது: "தம்பி, மூஞ்சியப் பாக்காத. மூஞ்சி தானா வரும். பின்னால என்ன இருக்குன்னு பாரு. ஊட்டிக்கு வந்தேன்னு ஊர்ல காட்டணும்ல." அதனால் எங்களுக்கு இடங்கள் உண்டு. செடிகளால் போட்ட இந்திய வரைபடம், பாத்தியில் படிந்து பூத்த பூக்கள், கண்ணாடி மாளிகை, இத்தாலியன் கார்டன், திருவக்கரையிலிருந்து வந்த கல்மரம். அந்தக் கல்மரத்துக்கு வயது 2 கோடி ஆண்டு என்று பலகை சொல்லும். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாத பள்ளிக்கூடப் பிள்ளை கிடையாது. மேலே ஏறினால் அராக்கேரியா, தைலமரம், பெயர் தெரியாத பைன்கள். உச்சியில் மந்து என்னும் தோடர்களின் குடியிருப்பு. தோட்டம் வருவதற்கு முன்பே இந்த மலையில் இருந்தவர்கள் அவர்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் வாசலில் போய்க் கேட்காமல் கேமராவை நீட்டக் கூடாது என்பதும் அந்தப் பெரியவர் சொன்னதுதான்.

படம் எடுத்ததும் முன்பணம் வாங்கி, ரசீதில் விலாசம் எழுதுவோம். இரவில் டார்க் ரூம். கழுவும் மருந்து 20 டிகிரியில் இருக்க வேண்டும். மதுரையில் இதே தொழில் செய்த நண்பர் தட்டைச் சுற்றி ஐஸ் வைப்பார். நாங்கள் டிசம்பரில் வெந்நீர் விட்டுக் கலப்போம். நெகட்டிவ் காய்வதுதான் பெரும்பாடு. ஈரக் காற்றில் தொங்கிக்கொண்டே இருக்கும். அடுப்புப் பக்கம் கொண்டுபோனால் தூசி ஒட்டும். பிரின்ட் போட்டு, அட்டை வைத்து, கவரில் போட்டு, தபாலாபீஸ். கார்டு சைஸ் பிரின்ட் மூன்று ஊர் தாண்டி யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டும். கிடைத்தது என்று கடிதம் போட்டவர்கள் உண்டு. அடுத்த வருடம் கைக்குழந்தையோடு வந்து அதே இடத்தில் நிற்க வேண்டும் என்று என்னைத் தேடிப் பிடித்தவர்களும் உண்டு.

இப்படியாகப் பிரின்ட் எல்லாம் மலை இறங்கிப் போயிற்று. நெகட்டிவாவது ஊட்டியில் தங்கியிருக்க வேண்டும். அதுவும் தங்கவில்லை. கலர் லேப் வந்தது. 35 மில்லிமீட்டர் கேமரா சுற்றுலாப் பயணிகள் கைக்கே வந்தது. பிறகு டிஜிட்டல், பிறகு போன். ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடின. மூடும்போது நெகட்டிவ் பெட்டிகளை என்ன செய்வது? கறுப்பு-வெள்ளை நெகட்டிவில் வெள்ளி இருக்கிறது. பழைய எக்ஸ்ரே பிலிமோடு சேர்த்து எடைக்கு வாங்கி, கரைத்து, வெள்ளியைப் பிரித்தெடுக்கும் வியாபாரம் ஒன்று இருந்தது. தமிழ்நாட்டில் எத்தனையோ ஸ்டூடியோக்களின் முப்பது நாற்பது வருட வேலை அப்படித்தான் எடைக்குப் போயிற்று. பிழைப்பு முடிந்த நேரத்தில் கிடைத்த அந்தப் பணத்தை யாரும் வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியாது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பூஞ்சை பிடித்து ஒட்டிப்போனவையும் நிறைய. இந்த ஊர் ஈரத்தில் ஜெலட்டின் வாழ்வது கஷ்டம். பிலிம் தொழிற்சாலையும் 1990-களில் நலிந்து, அதற்கப்புறம் மீளாமல், 2010-களில் மூடப்பட்டது.

இப்போது நான் போடுவது இங்கிலாந்தில் செய்த இல்ஃபோர்டு ரோல். விலை அதிகம்தான். ஆனாலும் போடுகிறேன். ஏனென்றால் எனக்கு வேண்டியது பழைய சதுரத்துக்குள் அதே லென்ஸ் வழியாக அதே இடம். அப்படி எடுத்தால்தான் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க முடியும்.

என்னிடம் தப்பிக் கிடைத்த ஒரு நெகட்டிவைச் சொல்கிறேன். புல்வெளி ஓரத்தில் ஒரு ஜோடி. அவருக்கு பெல்பாட்டம், அகலக் காலர். அந்தப் பெண் பட்டுப் புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருக்கிறார். ஜன்னல் வெளிச்சத்தில் லென்ஸை வைத்துப் பார்த்தால் அவர்கள் தோளுக்குப் பின்னால் ஓர் இளம் ஊசியிலை மரம், சுற்றிலும் மூங்கில் தடுப்பு கட்டியது. மரம் கணவரைவிட ஒரு முழம்தான் உயரம். அதே இடத்தில் போய் நின்று, அதே புல்மேட்டின் வளைவைக் கண்ணாடியில் பொருத்தி எடுத்தேன். இன்றைக்கு மரத்தின் உச்சி சதுரத்துக்குள் அடங்கவில்லை. அடிமரத்தை நான் இரண்டு கையாலும் கட்டிப் பிடிக்க முடியாது. பாதை அன்று மரத்துக்கு இடப்பக்கம் போயிற்று, இன்று வலப்பக்கம். மரத்துக்குப் பின்னால் அன்று தெரிந்த சரிவில் கட்டடம் இல்லை. எந்த அதிகாரியும் எந்தப் பதிவேட்டிலும் எழுதி வைக்காத மூன்று விஷயங்கள் இந்த ஒரு தேன்நிலவுப் படத்தில் இருக்கின்றன.

தோட்டத்தைப் பற்றிய எழுத்து நிறையவே உண்டு. சர் ஃபிரெடெரிக் பிரைஸ் 1908-ல் எழுதிய ஊட்டி வரலாறு இருக்கிறது, அரசு அறிக்கைகள் இருக்கின்றன. 2023-ல் மலர்க் கண்காட்சி 125-வது முறையாக நடந்தது; அதற்கும் செய்திகள் வந்தன. ஆனால் எந்த வருடம் எந்தப் பாத்தியில் என்ன பூ இருந்தது, எந்த மரம் எப்போது விழுந்தது, வேலி எங்கே இருந்தது, வேலைக்கு வந்த பெண்கள் என்ன கூடை வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் எழுத்தில் வராது. குடும்பப் படத்தின் ஓரத்தில்தான் வரும். எங்கள் பெரியவர் பின்னால் பார்க்கச் சொன்னதன் பலன், ஆயிரக்கணக்கான படங்களில் முகத்துக்குப் பின்னால் இந்தத் தோட்டம் தெளிவாக நிற்கிறது. ஊட்டியில் ஓர் அறை ஒதுக்கி, இந்தப் படங்களின் நகல்களை வருடவாரியாகச் சேர்த்து வைத்தால், மெக்கைவர் வெட்டிய நிலத்தில் அதற்கப்புறம் நடந்தது அத்தனையையும் நம் ஜனங்களின் படங்களிலிருந்தே சொல்லிவிடலாம். அதற்கு வெள்ளைக்காரன் ஆல்பம் வேண்டாம். அரசின் தோட்டக்கலைத் துறையோ கல்லூரியோ நூலகமோ, யார் முன்வந்தாலும் என்னால் ஆன வேலையைச் செய்து தரத் தயாராக இருக்கிறேன்.

அதுவரை உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், அல்லது உங்கள் அப்பா அம்மா வீட்டில், ஊட்டியில் எடுத்த கறுப்பு-வெள்ளைப் படம் ஏதாவது இருக்கும். தேடி எடுங்கள். வெள்ளைக் கரை போட்ட சதுரப் படமாக இருந்தால் பெரும்பாலும் 120 ரோல்; எங்களில் ஒருவர் எடுத்ததாக இருக்கலாம். ஒட்டுப் பக்க ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், மேல்தாளை மட்டும் விலக்கி அப்படியே நகல் எடுங்கள். லாமினேட் செய்யாதீர்கள். முன்பக்கத்தைப் போலவே பின்பக்கத்தையும் நகல் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, ரசீது எண் அங்கேதான் இருக்கும். எந்த வருடம் போனோம், யார் யார் நிற்கிறார்கள், என்ன மாதம், எந்த இடம் என்று விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, மெல்லிய பென்சிலால் பின்னால் எழுதி வையுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும். நெகட்டிவ் இருந்தால் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து, காகித உறையில் போட்டு, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். பழைய பேப்பர்காரரிடம் மட்டும் போட்டுவிடாதீர்கள்.